2001: எ ஸ்பேஸ் ஒடிஸி – வீட்டில் முதல்முறை பார்ப்பவர்களுக்கு

படத்தை ஓடவிட்டதும் கிட்டத்தட்ட மூன்று நிமிடத்துக்குத் திரையில் ஒன்றும் வராது. வெறும் கறுப்பு. பின்னணியில் மட்டும், மெட்டு என்று எதையும் பிடிக்க முடியாத ஓர் இசை இரைந்துகொண்டிருக்கும். டிவியில் கோளாறோ, இணையம் நின்றுவிட்டதோ என்று ரிமோட்டைத் தேட வேண்டாம். ஓட்டிவிடவும் வேண்டாம். 1968இல் பெரிய திரையரங்குகளில் மக்கள் உள்ளே வந்து உட்காரும் நேரத்தில் ஒலித்த முன்னிசை அது. விளக்கை அணைத்து, செல்பேசியைத் தூர வைத்துவிட்டு வசதியாக உட்கார அந்த மூன்று நிமிடம் சரியாக இருக்கும்.

அறிவியல் புனைகதைப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். கூடவே "ஆனால் புரியாது" என்றும் சொல்லிவிடுவார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், பசியில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு குரங்குமனிதக் கூட்டத்தின் நடுவே ஒருநாள் விடியற்காலையில் ஒரு கறுப்புப் பாளம் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகு அவற்றில் ஒன்று எலும்பை ஆயுதமாக எடுக்கக் கற்றுக்கொள்கிறது. காலம் தாண்டுகிறது. மனிதர்கள் நிலாவில் குடியேறிவிட்ட ஒரு காலத்தில், அங்கே மண்ணுக்கடியில் அதே போன்ற ஒரு பாளம் கிடைக்கிறது. அதன்மேல் சூரிய ஒளி பட்டதும் அது வியாழன் கோளை நோக்கி ஒரு ரேடியோ சமிக்ஞையை அனுப்புகிறது. பதினெட்டு மாதம் கழித்து டிஸ்கவரி என்ற விண்கலம் வியாழனுக்குப் புறப்படுகிறது. வழியில், கலத்தை நடத்திச் செல்லும் ஹால் 9000 என்ற கணினி பயணிகளைக் கொல்கிறது. டேவ் போமன் என்ற ஒருவர் மட்டும் பிழைத்து, அந்தக் கணினியின் இயக்கத்தை நிறுத்திவிட்டு வியாழனைச் சென்றடைகிறார். அங்கே இன்னொரு பாளம் மிதக்கிறது. அதன் வழியாக எங்கோ கொண்டுபோகப்படுகிறார், ஓர் அறையில் கிழவராகிறார், வேறொரு உயிராகப் பிறக்கிறார். இவ்வளவுதான். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் ஒன்றும் கெட்டுவிடாது. திருப்பங்களை நம்பி எடுத்த படம் இல்லை இது.

அப்புறம் ஏன் இத்தனை பேர் புரியவில்லை என்கிறார்கள்? நாம் வசனத்தைக் கேட்டுக் கதையைப் பிடித்துப் பழகியவர்கள். யார் யாருக்கு என்ன உறவு, யார் நல்லவர், அடுத்து என்ன ஆபத்து என்பதையெல்லாம் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்வார். சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே காதால் கேட்டுப் பின்தொடரக்கூடிய படங்கள் நிறைய உண்டு. இந்தப் படம் அப்படி இல்லை. சுமார் 2 மணி 20 நிமிடம் ஓடும் படத்தில் பேச்சு இருப்பது 40 நிமிடத்துக்கும் குறைவு. முதல் 25 நிமிடத்தில் ஒரு சொல்கூட இல்லை. கடைசி 20 நிமிடத்துக்கு மேலாகவும் இல்லை. நடுவில் பேசுகிறவர்களும் ஒன்று சம்பிரதாயமாகப் பேசுகிறார்கள், அல்லது எதையோ மறைத்துப் பேசுகிறார்கள். நடப்பது என்ன என்பதைப் படமும் ஒலியும்தான் சொல்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், படம் வழிவிடும்.

யார் எடுத்தது, எப்போது எடுத்தது

அமெரிக்கரான ஸ்டான்லி குப்ரிக் இங்கிலாந்தில் எடுத்த படம் இது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரும் 1964இல் நியூயார்க்கில் சந்தித்தார்கள். கிளார்க் 1956இலிருந்தே இலங்கையில் குடியிருந்தார். 2008இல் கொழும்பில் இறக்கும்வரை அதுதான் அவருக்கு ஊர். நிலாவில் வேற்றுக்கோள் அறிவுயிர்கள் விட்டுச்சென்ற ஒரு பொருளை மனிதர்கள் கண்டுபிடிப்பதாக அவர் முன்பே ஒரு சிறுகதை எழுதியிருந்தார். அந்த விதையிலிருந்து படமும் நாவலும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் சில மாதம் கழித்து வந்தது.

அந்த ஆண்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போலோ 8 நிலாவைச் சுற்றி வந்தது 1968 டிசம்பரில். மனிதன் நிலாவில் கால் வைத்தது 1969 ஜூலையில். நிலாவிலிருந்து பூமி எப்படித் தெரியும் என்பதை எந்த மனிதக் கண்ணும் பார்த்திராத காலத்தில் இதை எடுத்து முடித்துவிட்டார்கள். கணினி வரைகலை கிடையாது. கலத்துக்குள் மின்னும் கணினித் திரைகள்கூட, தனியாகப் படம்பிடித்த ஃபிலிம் துண்டுகளைப் பின்னாலிருந்து ஒளிபாய்ச்சிக் காட்டியவைதான்.

வீட்டு டிவியைச் சரிசெய்வது

நேரம் ஒதுக்கிக் கவனிக்க வேண்டிய காரியம் இது. இந்தப் படத்துக்கு இதுதான் பாதிப் புரிதல் என்பேன். புதிய டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மோஷன் ஸ்மூத்திங் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேமை டிவியே கற்பனை செய்து செருகுவதுதான் அது. கிரிக்கெட்டுக்கு நல்லது. இந்தப் படத்தில் மெல்ல நகரும் விண்கலங்கள் அதனால் பொம்மை மாதிரித் தெரியும். செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள். ‘விவிட்’ என்ற பளிச் நிறத்தேர்வை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ தேர்வுக்கு மாற்றுங்கள்.

படம் 70 மி.மீ. ஃபிலிமில் அகலமாக எடுத்தது. அதனால் டிவியில் மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டைகள் வரும். ஜூம் செய்து நிரப்பினால் இரண்டு ஓரங்களும் வெட்டுப்படும். குப்ரிக் ஓரங்களைச் சும்மா விடுகிறவர் இல்லை. அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும். திரையின் பெரும்பகுதி கருவிண்ணாக இருக்கும் காட்சிகள் நிறைய இருப்பதால், ட்யூப் லைட் எரிந்தால் நட்சத்திரத்துக்குப் பதில் உங்கள் முகமே தெரியும்.

ஒலிக்கு, நல்ல ஸ்பீக்கர் இல்லையென்றால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளலாம். சத்தத்தைச் சமன்படுத்தும் ‘நைட் மோடு’ மாதிரி எதுவும் வேண்டாம். படத்தில் சில இடங்கள் காதைத் துளைக்கும், சில இடங்களில் மயான அமைதி. அந்த வித்தியாசம் வேண்டும். சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. செல்பேசித் திரையில் மட்டும் பார்க்காதீர்கள்.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போன பிறகு இடைவேளை என்று எழுத்தே வரும். அங்கே நிறுத்தி, மறுநாள்கூடத் தொடரலாம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். மெதுவாக நகர்வதுதான் இங்கே சொல்லப்படும் விஷயமே.

எலும்பும் பேனாவும்

முதல் பகுதிக்கு ‘மனிதனின் விடியல்’ என்ற பொருளில் தலைப்பு வரும். இதில் பார்க்க வேண்டியது சாப்பாடு. குரங்குமனிதர்கள் காய்ந்த தழையைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்திலேயே டேபிர் என்ற, பன்றி போன்ற விலங்குகள் மேய்கின்றன. இரண்டும் ஒரே தழைக்குத்தான் போட்டி போடுகின்றன. அந்த விலங்கையே தின்னலாம் என்பது அவற்றுக்குத் தோன்றவில்லை. பாளம் வந்து போன பிறகு, ஒரு குரங்குமனிதன் எலும்புக் குவியலின் முன் உட்கார்ந்து ஓர் எலும்பை எடுத்துப் புரட்டுகிறான். லேசாகத் தட்டுகிறான். தட்டத் தட்ட வேகம் கூடுகிறது. மண்டையோடு நொறுங்குகிறது. நடுநடுவே ஒரு டேபிர் சரிந்து விழும் காட்சி மின்னுகிறது. அவன் மனத்துக்குள் ஓடும் யோசனை அது. மனித இனத்தின் முதல் யோசனை பிறக்கும் கணத்தை, ஒரு சொல் இல்லாமல், ஒரு கையும் ஓர் எலும்பும் வைத்துக் காட்டிவிடுகிறார் குப்ரிக். அடுத்த காட்சியில் பச்சை இறைச்சி தின்கிறார்கள். அதற்கடுத்து நீர்நிலைக்காக எதிர்க்கூட்டத்தில் ஒருவனை அடித்துக் கொல்கிறார்கள். சாப்பாட்டுக்காக எடுத்த ஆயுதம் ஒரே நாளில் கொலைக்குப் போய்விடுவதைக் கவனியுங்கள்.

அந்தப் பாலைநிலம் முழுக்க ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் எடுத்த பெரிய புகைப்படங்களை, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் திரையில் முன்பக்கமிருந்து பாய்ச்சினார்கள். ஒரு சிறுத்தை, இறந்த வரிக்குதிரையின் மேல் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும்போது அதன் கண்கள் விளக்குப் போல எரியும். அந்தப் புகைப்படங்களைப் பாய்ச்சிய புரொஜெக்டரின் வெளிச்சம் கண்ணில் பட்டுத் திரும்பியதுதான் அது. திட்டமிடாமல் கிடைத்தது, படத்திலேயே மறக்க முடியாத பார்வை.

பிறகு அவன் எலும்பை வானில் வீசுகிறான். அது சுழன்று இறங்கும்போது ஒரே வெட்டில், அதே வடிவில் ஒரு விண்கலம் மிதக்கிறது. பல லட்சம் ஆண்டுகள் அந்த ஒரு வெட்டுக்குள் போய்விடுகின்றன. இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு: நிலாப் பகுதிக்கென்று தனித் தலைப்பு வராது. அடுத்த தலைப்பு வியாழன் பயணத்துக்குத்தான். அதாவது சூட்டும் கோட்டும் போட்டு நிலாவுக்குப் போகிறவர்களும் இன்னும் ‘மனிதனின் விடியல்’ என்ற தலைப்பின் கீழேதான் இருக்கிறார்கள். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேதி இதுதான், அது சொல்லப்படுவது ஒரு தலைப்பைப் போடாமல் விட்டதன் மூலம்.

யோஹான் ஸ்டிராஸின் ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் இசைக்கு விண்கலமும் விண்நிலையமும் சேர்ந்து சுழலும் காட்சி நீளமானது. அவசரப்பட வேண்டாம். விண்நிலையம் ஏன் சக்கரமாக இருக்கிறது, ஏன் சுழல்கிறது என்று பாருங்கள். தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால், அது தலைக்குமேல் கவிழ்ந்து வரும்போதும் தண்ணீர் கொட்டுவதில்லை. அதே கணக்குத்தான். சக்கரத்தின் உள்விளிம்பில் நிற்கிறவருக்கு, சுழற்சியால் எடை இருப்பது போல இருக்கும். ஆனால் விண்நிலையத்துக்குப் போகும் கலத்தில் அந்தச் சுழற்சி இல்லை, அதனால் தூங்கும் பயணியின் பேனா காற்றில் மிதக்கிறது. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டி, கேமராவுக்கு முன்னால் அந்தத் தகட்டை மெல்லச் சுற்றினார்கள். பணிப்பெண் எட்டிப் பறிக்கும்போது அது பிசின் விட்டு வருவதை, தெரிந்து பார்த்தால்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அந்தப் பயணி, டாக்டர் ஹேவுட் ஃபிளாய்ட். இவர் பேச ஆரம்பித்ததும் ‘சரி, இப்போது கதை சொல்வார்கள்’ என்று காது கூர்மையாகும். அவரோ ஒன்றும் சொல்ல மாட்டார். விண்நிலையத்தில் ரஷ்ய விஞ்ஞானிகள் நிலாத்தளத்தில் என்ன பிரச்சினை, தொற்றுநோயா என்று கேட்கிறார்கள். பேசும் அதிகாரம் எனக்கில்லை என்று நழுவுகிறார். அப்புறம் நிலாத்தளக் கூட்டத்தில், அந்தத் தொற்றுநோய்ச் சேதியே ஒரு மூடிமறைப்பு என்று தெரிகிறது. வீடியோ தொலைபேசியில் மகளை அழைத்து, பிறந்தநாளுக்கு வர முடியாது என்கிறார். இனிமையாகத்தான் பேசுகிறார். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் அல்ல, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் பூமி சுற்றிக்கொண்டிருக்கிறது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரங்குமனிதன் கறுப்புப் பாளத்தின் முன் நடுங்கினான். இவர்கள் அதிசயத்தை நடுவில் வைத்துக்கொண்டு சாண்ட்விச்சில் இருப்பது கோழியா என்று விசாரிக்கிறார்கள். அதற்குப் பதில், ‘அது மாதிரி ஏதோ ஒன்று’. சாப்பாட்டை மறுபடி கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான்: தழை, பச்சை இறைச்சி, ஸ்ட்ராவில் உறிஞ்சும் கூழ், போலிக் கோழி, பிறகு டிஸ்கவரியில் தட்டில் வைத்த வண்ணக் களிம்புகள்.

விண்நிலையத்துக்குப் போகும் கலத்தில் பான் ஆம் விமான நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனம் 1991இலேயே மூடப்பட்டது. எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னதா என்று மதிப்பெண் போட்டுக்கொண்டு பார்த்தால் இது மாதிரி நிறையக் கிடைக்கும், படம் கைநழுவிவிடும்.

ஹால்

டிஸ்கவரி பகுதிதான் படத்தின் இதயம், முதல்முறை பார்ப்பவர்களுக்கு எளிதும் இதுதான். கதை என்று நாம் பழகிய ஒன்று இங்கே இருக்கிறது.

கலத்தில் விழித்திருப்பவர்கள் போமனும் ஃபிராங்க் பூலும். மூன்று பேர் உறைதூக்கத்தில் இருக்கிறார்கள். ஆறாவது, ஹால். சுவரில் ஒரு சிவப்புக் கண், ஒரு மென்மையான குரல். குரல் கொடுத்தவர் டக்ளஸ் ரெய்ன் என்ற கனடா நாட்டு நடிகர். மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். பூலுக்குப் பெற்றோர் பூமியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார்கள், கேக் வைத்துப் பாடுகிறார்கள். அவர் படுத்தபடி முகம் அசையாமல் பார்க்கிறார். அடுத்து வாழ்த்துவது ஹால். இருவரில் யார் குரலில் ஈரம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கலத்தின் சக்கர அறை நிஜமாகவே கட்டப்பட்டது. சுமார் 12 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 30 டன் எடை, முழுதாகச் சுழலும். பூல் அதற்குள் ஓடும் காட்சியில் நடிகர் எப்போதும் அடிப்பகுதியில்தான் இருக்கிறார், சக்கரம்தான் அவருக்குக் கீழே சுற்றுகிறது. போமன் ஏணியில் இறங்கி வரும்போது எதிர்ப்பக்கம் பூல் தலைகீழாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சியில் அந்த நடிகரை நிஜமாகவே நாற்காலியோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

இனி, மெதுவாகப் பார்க்க வேண்டிய இடம். போமன் வரைந்த ஓவியங்களை ஹால் பாராட்டுகிறது. பிறகு, தயங்குவது போல, ஒரு சொந்தக் கேள்வி கேட்கிறது. இந்தப் பயணத்தில் ஏதோ விசித்திரம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றவில்லையா? நிலாவில் எதையோ தோண்டியெடுத்ததாக வதந்தி வந்ததே? போமன் ஒரு நொடி யோசித்து, ‘நீ பயணிகளின் மனநிலை அறிக்கை தயாரிக்கிறாய், இல்லையா’ என்கிறார். ஹால் ஆமாம் என்கிறது. அடுத்த நொடியே, ‘ஒரு நிமிடம், ஒரு நிமிடம்’ என்று சொல்லி, பூமியை நோக்கிய ஆண்டெனாவில் ஒரு பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகும் என்று அறிவிக்கிறது. அந்தப் பாகத்தில் கோளாறே இல்லை என்று பின்னால் தெரிகிறது.

ஹால் மனசுவிட்டுப் பேச வந்ததாகவும், போமன் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியதாகவும் நான் இந்தக் காட்சியைப் படிக்கிறேன். வேறு மாதிரியும் படிக்கலாம். ஆனால் கோளாறு அந்த நொடியில் வருவது தற்செயல் இல்லை. ஹால் எதை ஏன் மறைக்கிறது என்பதற்கான விடை வெகுநேரம் கழித்துத்தான் கிடைக்கும், அதுவும் யாரும் கவனிக்காத இடத்தில்.

இதற்கு முன்னால் ஒரு சதுரங்க ஆட்டமும் இருக்கிறது. ஹால் தன் வெற்றியை விளக்கும்போது ஒரு நகர்வைத் தவறாகச் சொல்கிறது. பூல் சரிபார்க்காமல் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். குப்ரிக் சதுரங்கத்தில் தேர்ந்தவர் என்பதால் இது வேண்டுமென்றே வைத்ததா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

பழுதே இல்லாத பாகத்தைப் பழுது என்று சொன்ன கணினியை நம்புவதா? இருவரும் ஒரு சிறிய கலத்துக்குள் ஏறி, ஒலி வெளியே போகாதபடி சாத்திக்கொண்டு, தேவைப்பட்டால் ஹாலை நிறுத்திவிடலாம் என்று பேசுகிறார்கள். அப்போது காட்சி மாறுகிறது. கண்ணாடிக்கு வெளியே ஹாலின் கண். முழு நிசப்தம். திரை முழுக்க ஒருவரின் உதடு. பிறகு மற்றவரின் உதடு. மறுபடி முதலாமவர். பேச்சு நமக்குக் கேட்கவில்லை, ஹாலுக்கும் கேட்கவில்லை. அது படிக்கிறது. படத்தைப் பார்க்கும் முறையைப் படமே இங்கே நமக்குக் கற்றுக்கொடுக்கிறது: காதை விட்டுவிடு, பார். அங்கே இடைவேளை விழுகிறது.

இடைவேளைக்குப் பிறகு கொலைகள். காற்றில்லாத வெளியில் ஒலி பயணிக்காது, அதனால் விண்வெளியில் எந்தச் சத்தமும் வராது. நமக்குக் கேட்பது உடைக்குள்ளிருக்கும் மனிதனின் மூச்சு மட்டும். பூலின் மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, சட்டென்று நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் அவருடைய மரணம். உறைதூக்கத்தில் இருக்கும் மூவர் சாவதைக் குப்ரிக் இன்னும் சுருக்கமாகக் காட்டுகிறார். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக நேராகின்றன, எச்சரிக்கை எழுத்துகள் மினுங்குகின்றன, கடைசியில் உயிர்ச்செயல்கள் முடிந்தன என்று ஒரு வரி. அடியும் இல்லை, அலறலும் இல்லை. இதைவிடப் பயங்கரமான கொலைக் காட்சிகள் அதிகம் கிடையாது.

போமன் ஹாலின் நினைவக அறைக்குள் நுழைகிறார். சிவப்பு வெளிச்சம். ஒவ்வொரு கட்டையாகத் திருகிக் கழற்றுகிறார். ஹால் முதலில் சமாதானம் பேசுகிறது, பிறகு நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறது, பயமாயிருக்கிறது என்கிறது. மனம் கழன்றுபோவதை உணர முடிகிறது என்கிறது. கடைசியில் தான் பிறந்த நாளையும் ஊரையும் சொல்லி, தனக்குக் கற்றுக்கொடுத்த ‘டெய்ஸி பெல்’ என்ற பழைய பாட்டைப் பாடுகிறது. குரல் இழுத்து இழுத்து ஆழத்துக்குப் போய் அடங்குகிறது. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினி உண்மையிலேயே பாடிய பாட்டு அது. கிளார்க் அங்கே போனபோது அதைக் கேட்டிருந்தார்.

பாட்டு நின்றதுமே சுவரில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கும். பார்ப்பவர்கள் அப்போதுதான் மூச்சு விடுவார்கள், அதனாலேயே இது தவறிப்போகும். பேசுவது ஃபிளாய்ட். நிலாவில் கிடைத்த பாளத்தைப் பற்றியும், அது வியாழனுக்கு அனுப்பிய சமிக்ஞையைப் பற்றியும் சொல்கிறார். பயணத்தின் உண்மையான நோக்கம் கலத்தில் ஹாலுக்கு மட்டுமே தெரியும் என்கிறார். இப்போது அந்தத் தயக்கமான கேள்வியை நினைத்துப் பாருங்கள். தவறே செய்யாதது என்று பெருமையடித்துக்கொண்ட ஒரு கணினியிடம், கூட இருப்பவர்களிடம் உண்மையை மறைக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். நிலாவில் பொய்ச்சேதி பரப்பிய அதே அலுவலகப் பழக்கம்தான் இங்கேயும். கிளார்க் நாவலில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். படம் இரண்டு முனைகளையும் நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. ஃபிளாய்டின் அந்தச் செய்திதான் படத்தில் வரும் கடைசிப் பேச்சு.

அறை

கடைசிப் பகுதியில் விளக்கம் தேடாமல் முதலில் அனுபவியுங்கள் என்பதுதான் என் யோசனை. போமன் ஒளிச்சுரங்கம் போன்ற ஒன்றுக்குள் பாய்கிறார். அப்போது இருபதுகளில் இருந்த டக்ளஸ் டிரம்புல் உருவாக்கியது இது. மெல்லிய பிளவுக்குப் பின்னால் ஒளியூட்டிய ஓவியங்களை வைத்து, கேமராவின் திறப்பை நீண்ட நேரம் மூடாமல் நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்தார்கள். அதன்பின் வரும் விசித்திர நிறச் சமவெளிகள் நம் பூமிதான், ஸ்காட்லாந்து போன்ற இடங்களை வானிலிருந்து எடுத்து நிறங்களை மாற்றிவிட்டார்கள்.

சுரங்கம் முடிந்தால் பழைய ஐரோப்பிய பாணியில் ஒரு படுக்கையறை. தரை முழுக்க ஒளிர்கிறது. இங்கே ஒரு விதி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது: போமன் ஒவ்வொரு முறையும் தன்னைவிட வயதான தன்னையே பார்க்கிறார், பார்த்ததும் பழையவர் மறைந்துவிடுகிறார். கலத்துக்குள்ளிருந்து பார்க்கிறார், அறையில் நடுவயதுப் போமன் நிற்கிறார். அவர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார், மேசையில் ஒரு முதியவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் படத்தில் ஒருவர் முறையாக மேசையில் உட்கார்ந்து, நிஜமான உணவைத் தனியாகச் சாப்பிடுவது இங்கேதான். ஒரு கண்ணாடிக் கோப்பை விழுந்து உடைகிறது. அவர் நிமிர்கிறார், கட்டிலில் தொண்டுகிழவர். கால்மாட்டில் கறுப்புப் பாளம். கிழவர் கை நீட்டுகிறார், குரங்குமனிதன் நீட்டியது போலவே. கட்டிலில் இப்போது ஒளிசூழ்ந்த ஒரு சிசு.

இதன் பொருள் என்ன என்று கேட்டவர்களுக்கு, வெளியான காலத்தில் குப்ரிக் பதில் சொல்ல மறுத்தார், அவரவர் ஊகத்துக்கு விட்டார். ஆனால் 1980இல் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளரிடம் தொலைபேசியில் எளிமையாகச் சொல்லியிருக்கிறார். உடலற்ற, கடவுள் போன்ற உயிர்கள் போமனை எடுத்துக்கொண்டு, மிருகக்காட்சிசாலையில் விலங்குக்கு அதன் இயற்கைச் சூழலைப் போலச் செய்து கொடுப்பது மாதிரி, மனிதனுக்குப் பிடிக்கும் என்று நினைத்து அந்த அறையை அமைக்கின்றன. அங்கே அவருக்குக் காலம் என்பதே இல்லை. வேலை முடிந்ததும் மேம்பட்ட உயிராக மாற்றித் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பதிவு 2018இல்தான் பரவலாக வெளியே வந்தது. கதையளவில் இது போதுமான விடை. ஆனால் அந்தச் சிசு பூமியைப் பார்க்கும் பார்வையில் இருப்பது ஆசீர்வாதமா ஆபத்தா என்பதை அந்த விடை தீர்த்துவைக்கவில்லை. எலும்பை எடுத்தவன் முதல் நாளே கொன்றான் என்பதை நினைத்தால் எனக்கு அங்கே கொஞ்சம் நடுக்கம் வரும். உங்களோடு பார்ப்பவருக்கு அது நிம்மதியாகத் தெரியலாம்.

1968இல் முதல் காட்சிகளில் பலர் எழுந்து போனார்கள். குப்ரிக் அந்த வாரமே சுமார் 19 நிமிடம் வெட்டினார். நாம் இன்று பார்ப்பது அந்த வெட்டிய வடிவம். பிறகு இளைஞர்கள் திரும்பத் திரும்ப வந்து படத்தை ஓட வைத்தார்கள். குப்ரிக் தன் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் இந்தப் படத்தின் காட்சி விளைவுகளுக்காகத்தான்.

கிளார்க்கின் நாவலைப் படிக்க நினைத்தால் படத்துக்குப் பிறகு படியுங்கள். முதலில் படித்தால் காட்சிகளுக்கு அவருடைய வாக்கியங்கள் வசனமாக ஒலிக்கத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் வித்தியாசங்களும் உண்டு: நாவலில் டிஸ்கவரி போவது சனிக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி செய்ய முடியாததால் படம் வியாழனோடு நின்றது. இரண்டாம் முறை பார்க்க முழுப் படத்துக்கும் நேரமில்லை என்றால், ஹால் ஓவியங்களைப் பாராட்டும் இடத்திலிருந்து ஃபிளாய்டின் வீடியோ முடியும்வரை மட்டும் ஒரே மூச்சில் பாருங்கள்.